கயாக்குக்கு ஒரு காம்பரா

— ஏறினதுலயிருந்து அந்த லயத்துக் காம்பரா கதையத்தான் பேசுறே, பழனியாண்டி. நான் மீன் பிடிக்க வந்தேன் மென். மனு வாங்க வரல்ல.

— கோவிச்சுக்கக் கூடாதுங்க தொர. ஆபீசுல வாயத் தொறந்தா கிளாக்கரய்யா வெளிய போங்கிறாரு. இங்கன்னா என்னைய யாரும் வெளிய போகச் சொல்ல முடியாதுங்களே. சுத்தித் தண்ணி.

— தண்ணி தெரிஞ்ச ஆள் ஒருத்தனை அனுப்பச் சொல்லி கிளாக்கர்கிட்டச் சொன்னேன். உன்னை ஏன் மென் அனுப்பினான்?

— தெனமும் ஆபீசு வாசல்ல நிக்கிற ஆளு நான்தானுங்க. ஞாயித்துக்கிழமயாச்சேன்னு அவரு வீட்டு வாசலுக்கு வந்துருவேன்னு பயந்து அனுப்பியிருப்பாரு.

— நீச்சல் தெரியுமா?

— தெரியாதுங்க.

— தெரியாமத்தான் என் கயாக்குல முன்னால உக்காந்திருக்கியா?

— நீச்சல் தெரிஞ்சவன் விழுந்தா நீந்திக்கலாம்னு வெளையாட்டா ஓட்டுவானுங்க. எனக்கு அந்த வசதி இல்ல. அதனால ஒழுங்கா ஓட்டுவேன். பயப்படாதீங்க, லாரி டியூப்பு மேல பலகையக் கட்டி அக்கரையிலயிருந்து வெறகு கொண்டு வாற ஆளு நான். இந்தத் தண்ணி எங்க ஆழம், எங்க சேறுன்னு எனக்குத் தெரியும். வள்ளந்தான் புதுசு.

— வள்ளம் இல்ல மென். கயாக். கடல்ல போற கயாக். நீர்கொழும்புலயிருந்து லாரியில வந்தது.

— தெரியுங்களே. நாங்க நாலு பேரு சேந்துதான் எறக்குனோம். சுடுகாட்டுக்குப் போற பல்லக்கு மாதிரி தூக்கிட்டு வந்து, செல்லசாமி காம்பராவுலதான் வச்சோம்.

— ஆரம்பிச்சிட்டியா.

— நான் வள்ளத்தப் பத்திப் பேசுறேங்க. காம்பரா அதுவா வருது.

— அந்தக் காம்பரா காலி மென். செல்லசாமி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியாச்சு. கராஜ்ல என் கார் நிக்குது. வெயில்லயும் மழையிலயும் போட்டா கயாக் வெடிச்சுப் போகும்.

— ஞாயந்தானுங்க. வெயிலும் மழையும் வள்ளத்துக்கு ஆகாது. எம் மகன் அழகனுக்கு எல்லாம் பழக்கம். மருமக மீனம்மாவுக்குத்தான் இன்னும் பழகல.

— என்ன, வெளியிலயா படுக்குறாங்க?

— வாசத் திண்ணையிலங்க, இஸ்தோப்புல. கூரையிருக்கு, கதவில்ல. உள்ள ஒரே அறை, அதுல நானு, எம் பொஞ்சாதி பேச்சியம்மா, எங்கம்மா, மூணு பொட்டப்புள்ளைங்க. ராத்திரி எங்கம்மா தண்ணிக்கு எந்திரிச்சா புதுப் பொண்ணு மாப்பிள்ளயத் தாண்டித்தான் போகணும். கோவிச்சுக்கக் கூடாதுங்க, கல்யாணம் ஆனதுலயிருந்து ரெண்டு பேரும் சோடியா வெறகுக்குப் போறாங்க. தொர நம்ப மாட்டீங்க, எங்க லயத்துலயே எங்க வீட்டுலதான் வெறகு அதிகம். கூரை முட்ட நிக்குது. எரிச்சுப் பொங்கத்தான் அரிசி இல்ல.

— சிரிக்க வைக்காதே மென், கயாக் ஆடுது.

— சிரிக்கிற சங்கதி இல்லீங்க. மீனம்மா நேத்தே பெட்டியக் கட்டிட்டா. கதவுள்ள காம்பரா கெடைக்காட்டி பொறந்த வீட்டுக்கு, அக்கரப்பத்தனைக்கே போறேன்னுட்டா. இன்னிக்கி மத்தியானப் பஸ்ஸுல அவ அண்ணன் கூட்டிப் போக வாறான். பஸ்ஸேறிட்டா அவ திரும்ப மாட்டா தொர. அக்கரப்பத்தனைப் பொண்ணுங்க ரோசக்காரிங்க.

— ஆபீஸ் நாள்ல பேசலாம். இப்ப வாய மூடிட்டு, மீன் எங்க இருக்குன்னு காட்டு. அணைக்கட்டு மேல யார் நிக்கிறாங்கன்னு தெரியுமா?

— தொப்பி போட்ட ஒருத்தரு தூரக்கண்ணாடியில நம்மளத்தான் பாத்துட்டு இருக்காருங்க.

— சேர்மன் மென். கொழும்பிலயிருந்து வந்திருக்கார். தேயிலைத் தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்புறம் எங்க எல்லாருக்கும் அவர்தான் கடவுள். இன்னிக்கு பங்களாவுல சாப்பாடு. நான் பிடிக்கிற மீன்தான் சாப்பாடு.

— அப்ப அவரு நல்லா காலச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வந்திருந்தா நல்லதுங்க.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்லீங்க. தொர தூண்டிலப் போடுங்க.

— என்னோட எக்ஸ்பீரியன்ஸ் உனக்குத் தெரியாது. நீர்கொழும்புக் கடல்ல இதே கயாக்குல தனியாப் போய், என் உயரத்துக்கு ஒரு பாரை பிடிச்சவன் நான். அறக்குளா, சீலா, எதை மென் விட்டேன்? மூணு வெள்ளிக் கப் வச்சிருக்கேன்.

— பாத்திருக்கேங்க. சமையல்கார வியாகுலம் ஒண்ணுல உப்புப் போட்டு வச்சிருக்காரு.

— அவனை இன்னிக்கே கவனிக்கிறேன். சரி, இந்த வெள்ளித் தகடு எப்படி மின்னுது பார். தண்ணிக்குள்ள இது ஓடுறதப் பார்த்தா எந்த மீனுக்கும் பொறுக்காது.

— கடல் மீனுக்குங்க. கடல் மீனு காசுக்கார மீனு, மினுக்குறதப் பாத்து ஓடி வரும். இது தோட்டத்து மீனு. வயித்துக்கு என்ன கெடைக்கும்னுதான் பாக்கும். நான் மண்புழு கொண்டாந்திருக்கேன்.

— புழுவா? நான் புழு போட்டுப் பிடிச்சேன்னு வெளியில தெரிஞ்சா கிளப்புல சிரிப்பாங்க மென்.

— புழுவ அவ்வளவு லேசா நெனைக்காதீங்க தொர. ரெண்டு வருசம் முந்தி மாவுத் தட்டுப்பாடு வந்துச்சே, அப்ப இந்த மீனுங்க எங்களவிட நல்லா இருந்துச்சுங்க. அதுங்களுக்குப் புழுவாவது கெடச்சுது.

— …போடு. சேர்மன் பார்க்காத பக்கமா குனிஞ்சு போடு.

— போட்டாச்சுங்க. இப்பிடியே விடுங்க. இந்த எடத்துல அடியில சேறு. பெருசுங்க இங்கதான் மேயும்.

— அங்க தூரத்துல ஒரு மேடு மாதிரி தெரியுதே, அது என்ன?

— பழைய டவுனுங்க. அணை கட்டுனப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு. தொர கொழும்புல இருந்திருப்பீங்க. கடைத்தெரு, பஸ் ஸ்டேண்டு, சலூன் கடை, எல்லாம் கீழதான் இருக்கு. எங்கப்பாரு சலூன்காரருக்குக் கடன் வச்சிருந்தாரு. தண்ணி வந்து ரெண்டு பேத்தையும் காப்பாத்திச்சு.

— அப்ப நாம ஒரு ஊருக்கு மேல… இரு. இரு மென். இழுக்குது.

— புழுவ மோந்து பாக்குதுங்க. அவசரப்படாதீங்க.

— எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? வாங்கிட்டுது. பார் மென், கம்பு வளையுறதப் பார். என்னோட எக்ஸ்பீரியன்ஸ்ல சொல்றேன், இது சின்ன மீன் இல்ல.

— இல்லவே இல்லீங்க. கெண்டை. வெறகுக்குப் போகயில இந்தப் பக்கம் ஒண்ணு பொரளுறதப் பாத்திருக்கேன். கன்னுக்குட்டி மாதிரி இருக்கும். நூல விட்டுப் புடிங்க தொர.

— ஓடல்லையே. கடல் மீன்னா இந்நேரம் ரீல்ல நூல் மிச்சம் இருக்காது. இது கல்லு மாதிரி நிக்குது.

— பெரிய கெண்டை அப்பிடித்தானுங்க. சேத்துக்குள்ள தலைய வச்சு அழுத்திக்கும். பொறுமையா இருந்தா அதுவே எந்திரிக்கும்.

— றோலண்ட் தொர, சேர்மன் ஐயா கேக்குறாரு, எண்ணெய்ச் சட்டிய ஏத்தலாமான்னு.

— யார் மென் கரையிலயிருந்து கத்துறது?

— வியாகுலங்க. அணைக்கட்டுலயே அடுப்ப வச்சுட்டாரு போல.

— ஏத்து வியாகுலம். பெரிய சட்டி ஏத்து. பழனியாண்டி, இன்னிக்கு என் நாள் மென். இந்த மீன் மட்டும் சேர்மன் கண்ணுல பட்டா போதும், நான் கேட்டதுக்குக் கையெழுத்துப் போடுவார்.

— எங்களுக்கு எதாச்சும் கேட்டிருக்கீங்களாங்க?

— தோட்டத்துக்கே கேட்டிருக்கேன். தூண்டில் கிளப். கொழும்பிலயிருந்து பெரிய ஆட்கள் சனி ஞாயிறு வந்து மீன் பிடிக்கிறதுக்கு. இன்னும் நாலு கயாக் வருது. செல்லசாமி காம்பரா மட்டும் பத்தாது, அதனால நடுச்சுவர உடைச்சு, பக்கத்துக் காம்பராவையும் சேர்த்து ஒரே ஹாலா ஆக்கலாம்னு பிளான் போட்டிருக்கேன்.

— பக்கத்துக் காம்பராவாங்க?

— ஆமா. யார் இருக்கிறது அதுல?

— நான்தானுங்க.

— ஓ. உனக்கு எங்கயாவது பார்க்கலாம் மென். கம்பு வழுக்குது, இந்தப் பக்கம் திருப்பு.

— தொர.

— என்ன?

— அந்த நூல நான் ஒருக்கா தொட்டுப் பாக்கட்டுங்களா?

— தொடு. ஆனா இழுக்காதே.

— ம்.

— என்ன ம்?

— கோவிச்சுக்கக் கூடாதுங்க.

— சொல்லு மென்.

— இது மீனில்லீங்க.

— பைத்தியமா? நீதானே கெண்டைன்னு சொன்னே. கன்னுக்குட்டின்னு சொன்னே.

— தொர சந்தோசமா இருந்தீங்க. அந்த நேரத்துல வேற சொல்ல மனசு வரலீங்க. இப்ப நூலத் தொட்டதுந்தான் வெளங்குச்சு. இது கோயிலுங்க.

— கோயிலா?

— ஆத்தோரத்து மாரியம்மன் கோயில். தண்ணிக்குள்ள போச்சில்ல, அது.

— பழைய டவுன் அந்தப் பக்கம்னு நீதானே கை காட்டினே?

— டவுனு அந்தப் பக்கங்க. மாரியாத்தா டவுனுக்குள்ள எப்பிடி இருப்பா? சலூன் கடைக்கும் சாராயக் கடைக்கும் நடுவுலயா? அவ கோயில் ஊருக்கு வெளிய, ஆத்துப் பக்கமா. அதாவது இங்கங்க. நமக்கு நேரா கீழ.

— ஆனா வாங்கிச்சே மென். புழுவ வாங்கினது எனக்குத் தெரியாதா?

— சின்ன மீனு ஏதாவது கடிச்சுட்டுப் போயிருக்கும். முள்ளு போய் கோபுரத்துல மாட்டிக்கிச்சு. தொர பெரிய கடலாடி, உங்களுக்கு நான் சொல்லணுமாங்க? மீனுன்னா ஓடாதா? நீங்கதான சொன்னீங்க, கல்லு மாதிரி நிக்குதுன்னு. கல்லுதாங்க. கருங்கல்லு.

— அது… என்னோட எக்ஸ்பீரியன்ஸ்ல, ஆமா, ஓடாத மீன் நான் பார்த்ததே இல்ல. எனக்கும் முதல்லயே ஒரு சந்தேகம் இருந்தது.

— இல்லாமலாங்க.

— பொறு மென். துடிக்குது. பார், கம்பு நுனி துடிக்குது. கல்லு துடிக்குமா?

— மணிங்க. வெங்கல மணி. கோயில் வாசல்ல தொங்கும். அடியில தண்ணி ஓட்டத்துக்கு ஆடுது. அதத்தான் சொல்றேன், முள்ளு கோபுரத்துல இல்ல, வாசல்ல மாட்டியிருக்கு. வாசலுக்கு நேரா ஆத்தா உக்காந்திருக்கா. மூக்குத்தியில மாட்டியிருந்தாலும் மாட்டியிருக்கும்.

— யேசுவே. சும்மா இழுத்து எடுத்துடலாம்.

— இழுக்காதீங்க தொர. நீங்க வேதக்காரரு, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு யோசிங்க. புதுத் தொர வந்து, ஆத்தா மூக்குல தூண்டில் போட்டு இழுத்தாருன்னு ஒருத்தி வாயில வந்துட்டா, பொழுது சாயிறதுக்குள்ள தோட்டத்து அஞ்சு டிவிசனுக்கும் போயிரும். நாளைக்குக் காலையில ஆளு எண்ணுற பெரட்டுக்களத்துல கிளாக்கரய்யா மட்டுந்தான் நிப்பாரு. ஒரு பொம்பள கூடையத் தூக்க மாட்டா.

— ஸ்ட்ரைக்கா?

— ஸ்ட்ரைக்குன்னாலும் சங்கத்தோட பேசி முடிச்சிரலாங்க. இது சாமி கோவம். யாரோட பேசுவீங்க? அதுவும் சேர்மன் ஐயா பங்களாவுல தங்கியிருக்கிற நேரத்துல.

— யாருக்கும் தெரியாது மென். நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.

— ஆமாங்க. அதுல தொர சொல்லப் போறதில்ல.

— …நீ?

— எனக்கு ராத்திரியில தூக்கத்துல பேசுற வியாதி இருக்குங்க. சுவரு ஒண்ணுதான, பக்கத்துக் காம்பராவுல ஆள் இருந்தா கேட்டுரும். பக்கத்துல எம் மகனும் மருமகளும் இருந்தா, கேட்டாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. குடும்பத்துக்குள்ள போயிரும்.

— நீ என்னோட பேரம் பேசுறியா?

— சே சே. தொரைக்குத் தொண பேசுறேங்க.

— றோலண்ட் தொர, எண்ணெய் காஞ்சிருச்சு. பொரிக்கவா, கொழம்பு வைக்கவான்னு சேர்மன் ஐயா கேக்குறாரு.

— வியாகுலம், வாயை மூடு.

— அப்பிடியே சொல்லிடவா தொர?

— சொல்லாதே. பழனியாண்டி, என்ன மென் செய்யுறது இப்ப?

— நூல அறுத்து விட்டுருங்க. கரைக்குப் போயி, பெரிய மீனு, நூலையே அறுத்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லுவோம். நானும் சத்தியம் பண்றேன்.

— நான் மீன் விஷயத்துல பொய் சொன்னதே இல்ல.

— தெரியாதுங்களா. நீங்க பிடிச்ச பாரையோட அளவ வியாகுலம் எங்களுக்குக் கையால காட்டுவாரு. போன மாசத்தவிட இந்த மாசம் ரெண்டு சாண் வளந்திருக்கு. நல்ல சாப்பாடு போல.

— சரி, சரி. அறுத்துட்டா உன் வாய் மூடியிருக்குமா?

— சாவி கையில இருந்தா வாய்க்கு என்னங்க வேல.

— சாவி பங்களாவுல இருக்கு.

— உங்க இடுப்புக் கொத்துல இருக்குங்க. செவப்பு நூல் கட்டினது. கார் சாவிக்குப் பக்கத்துல. ஆபீசு வாசல்ல நின்னு நின்னு, எனக்கு அந்தச் சாவியோட பல்லு எத்தனைன்னு கூடத் தெரியும்.

— கயாக்க எங்க மென் வைக்கிறது?

— பங்களாவுலதான் தொர படுக்காத காம்பரா வரிசையா கெடக்குதுங்களே. ஒண்ணுல வைங்க. நல்ல கட்டிலு, மெத்த. வள்ளத்துக்குக் குளுராது.

— கிண்டல் பண்ணாதே.

— கோவிச்சுக்கக் கூடாதுங்க. வாயில அதுவா வருது.

— காம்பரா ஒரு மாசத்துக்கு. அப்புறம் பார்க்கலாம்.

— ஒரு மாசத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலீங்க தொர. பேரப் பதிஞ்சு குடுங்க.

— ஒரு வருஷம்.

— நூலு இன்னும் துடிக்குது பாருங்க. ஆத்தாவுக்கு வலிக்குது போல.

— சரி மென். பேரு பதிஞ்சு தாறேன். நாளைக்கே. அறுக்கட்டுமா?

— நடுச்சுவரு?

— என்ன நடுச்சுவர்?

— உடைக்கிறதா சொன்னீங்களே. அது எங்கம்மா சாஞ்சு உக்காருற சுவருங்க.

— சுவரும் இருக்கட்டும். கிளப்பும் வேண்டாம். மீன் இல்லாம எந்தக் கிளப்புக்கு அவர் கையெழுத்துப் போடப் போறார்? இந்தா, பிடி சாவி. தண்ணியில போட்றாதே.

— போடுவனாங்க. இது விழுந்தா நானும் பின்னாலயே குதிச்சிருவேன், நீச்சல் தெரியாட்டியும். வாங்கிட்டேன், மடியில கட்டிட்டேன். இனி தொர கத்திய எடுங்க.

— நல்ல தங்கூசி நூல் மென். சிங்கப்பூர்ச் சரக்கு.

— ஆத்தாவுக்குக் காணிக்கன்னு நெனச்சுக்குங்க. நான் வெள்ளிக்கிழம ஒரு தேங்கா ஒடச்சு, நம்ம ரெண்டு பேரு கணக்கையும் பேசி முடிச்சுடுறேன்.

— அறுத்தாச்சு.

— புண்ணியமாப் போகுங்க. துடுப்பப் போடுறேன். மத்தியானப் பஸ்ஸு வர நேரமாச்சு.

— பழனியாண்டி.

— இந்தப் பக்கம் பாருங்க தொர, சேர்மன் ஐயா கையாட்டுறாரு. நீங்களும் ஆட்டுங்க.

— பழனியாண்டி, துடுப்ப நிறுத்து. அங்க தண்ணி கொதிக்குது மென். நூல் போன இடத்துல.

— ஆத்தாவுக்கு வலி போயிருச்சுங்க. நிம்மதியாத் திரும்பிப் படுக்குறா.

— மேல வந்து அடிச்சிட்டுப் போச்சு. நான் பார்த்தேன். வால் மென் அது. கதவு அகலத்துக்கு வால்.

— முந்தானைங்க.

— வால்.

— தொர, கோவிச்சுக்கக் கூடாதுங்க. அது வாலுன்னா, மூணு கப்பு வாங்குன ஆளு, நல்லா மாட்டின மீன அவரு கையாலயே அறுத்து விட்டாருன்னு ஆகும். கரையில எண்ணெய் வேற காஞ்சிட்டு இருக்கு. அது முந்தானைன்னா, ஒரு கோயிலையும் தோட்டத்தையும் காப்பாத்துன தொரன்னு ஆகும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க பாத்தது எதுங்க?

— முந்தானைதான் மென். நல்லா வெள்ளிச் சரிகை போட்ட முந்தானை.